மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கும் வியாதி. ஒரு தடவை இழுத்தால் போதாது, மூன்று தடவை இழுக்க வேண்டும். இழுத்துவிட்டுத் தெருமுனை வரை வந்ததும் இழுத்தோமா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய் இன்னொரு மூன்று. விழுப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மா, நான் தெருமுனையில் தயங்கி நிற்பதைப் பார்த்தால் வாசலில் இருந்தபடியே, "இழுத்துட்டீங்க, நான் பாத்தேன், தைரியமா போங்க" என்று சாட்சி சொல்வார். ஒருமுறை அவர் ஊரில் இல்லை. நான் திண்டிவனம் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரை போனவள், அங்கே இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்து பூட்டை இழுத்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. அன்றைக்கு அரை நாள் லீவு போயிற்று.

இது பிறவி வியாதி இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முகையூர்ப் பக்கம் என் தங்கச்சி மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை வாங்கும் விசேஷம். கோயில் பூசை, பிரியாணி எல்லாம் முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எங்கள் பூட்டு தாழ்ப்பாளில் வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது. வீட்டில் ஒரு சாமான் போகவில்லை. திருடன் வந்திருந்தாலும் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டுப் போயிருப்பான். ஆனால் பூட்டாமல் போனது யார் என்ற கேள்வி மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "நான் பூட்டினேன். அப்பறம் நீதான் கொடை எடுக்கறேன்னு தொறந்து உள்ள போனே" என்றார் என் வீட்டுக்காரர். குடை எடுக்க உள்ளே போனது உண்மை. அது அவர் பூட்டுவதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் வழக்கு. சொந்தபந்தம் எல்லாம் ஒருமனதாக என் பக்கம் கையை நீட்டியது. அன்றிலிருந்து இழுக்கிறேன்.

எனக்கு வேலை திண்டிவனத்தைத் தாண்டி, கிளியனூர் போகும் வழியில் ஒரு ஷூ கம்பெனியில். விழுப்புரத்திலிருந்து பஸ், திண்டிவனம் ஸ்டாண்டிலிருந்து என் ஸ்கூட்டி. எட்டு வருஷம் லேஸ் பிரிவில் இருந்தேன். ஷூவுக்கு லேஸ் கோர்ப்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டு ஓட்டை ஓட்டையாக நுழைத்துப் பார்த்தால் தெரியும். தூக்கத்தில்கூட விரல் ஆடும் என்று வீட்டுக்காரர் சொல்வார். அப்புறம் என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, சரக்கு அனுப்பும் பிரிவில் போட்டார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாவி போட்ட ஒரு சிறிய இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் சீல்கள்.

சீல் என்றதும் ரப்பர் ஸ்டாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கைக் கம்பெனியிலேயே கன்டெய்னரில் ஏற்றி, நாமே சீல் வைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்று சுங்கத்துறை ஒரு வசதி கொடுத்திருக்கிறது. விரல் தடிமனுக்கு ஓர் இரும்பு ஆணி, அது போய் மாட்டிக்கொள்ள ஒரு குமிழ், குமிழுக்குள் ஒரு சிப். ஆணியைக் கதவுக் கொண்டியில் விட்டுக் குமிழை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி, பெரிய கட்டர் வைத்து வெட்டினால்தான் கதவு திறக்கும். வெட்டினால் சிப் செத்துவிடும். துறைமுகத்தில் ஒரு கருவியைக் காட்டி, சீல் உயிரோடு இருக்கிறதா, நம்பர் பேப்பரில் இருக்கிற நம்பர்தானா என்று பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் கன்டெய்னரை ஓரங்கட்டிப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பார்கள். அவர்கள் பிரித்து முடிப்பதற்குள் கப்பல் கிளம்பிவிடும்.

இதைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். சுவரில் பெரிய எழுத்தில் நான்கு சொற்களை ஒட்டினார். பார், சரிபார், இழு, திருகு. "சீல் மாட்டிட்டோம்னு நம்பிடக் கூடாதுங்க. கண்ணால பாக்கணும், நம்பரச் சரிபாக்கணும், கையால புடிச்சு நல்லா இழுக்கணும், அப்பறம் திருகணும். ஒவ்வொண்ணுக்கும் ரெஜிஸ்டர்ல ஒரு டிக்." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, படித்த மனிதர் ஒருவர் என் கட்சியில் பேசுகிறார். கையைத் தூக்கி, "எத்தனை தடவ இழுக்கணும் சார்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "ஒரு தடவ போதும்மா" என்றார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் பைத்தியத்துக்குக்கூட கவர்மென்ட்ல ஒரு சட்டம் வெச்சிருக்கான் பாரேன்."

மூன்று வருஷம் அந்த மேசையில் நான் ராணி மாதிரி இருந்தேன். என் கை படாமல் ஒரு சீல் பெட்டியை விட்டு வெளியே போகாது. கெட்டுப்போன சீலைக்கூடத் தூக்கிப்போடக் கூடாது, எண்ணி வைக்க வேண்டும் என்பது விதி. அப்படிச் செத்த சீல்கள் ஒரு டிராயர் நிறைய வைத்திருந்தேன். மேனேஜருக்கு மட்டும் என்னைப் பார்த்தால் பொறுமை போய்விடும். நல்ல மனிதர்தான். ஆனால் கடிகாரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். நான் ஒவ்வொரு சீலையும் மூன்று முறை இழுத்து, நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பதை அவரால் பார்க்கவே முடியாது. போதாததற்கு, கிளம்பிப் போன வண்டியை மூன்று முறை டிரைவருக்கு போன் போட்டு நிறுத்தி, ஸ்கூட்டியில் போய் இழுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் சீல் கல்லு மாதிரி இருந்தது. மூன்றாவது முறை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ போற வண்டிய நிறுத்தினீங்கன்னா பழையபடி லேஸ் செக்ஷன்தாம்மா, சொல்லிட்டேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அன்று ராத்திரி என் விரல் மறுபடி ஆடியதாம்.

அவருக்கும் ஒரு வியாதி இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எறும்பு. கேன்டீனில் வைத்தாலும் எறும்பு வருகிறது, மேசையில் வைத்தாலும் எறும்பு வருகிறது என்று, மதியச் சாப்பாட்டுக் கேரியரை ஒரு நீல ஒயர் கூடையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டே திரிவார். மெஷினைப் பார்க்கப் போனாலும் கூடை, கணக்கு கேட்கப் போனாலும் கூடை.

அன்றைக்கு ஒரு கன்டெய்னர் போக வேண்டும். மறுநாள் காலைக்குள் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் கப்பல் இல்லை. காலையிலிருந்து மேனேஜரே கன்டெய்னருக்குள் ஏறி நின்று பெட்டிகளை எண்ணினார். பன்னிரண்டு மணிக்குக் கீழே குதித்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

"ஜல்தி, ஜல்தி! இன்னைக்கு ஒரு நாளாவது மனுஷங்க மாதிரி சீல் வைங்கம்மா" என்று கத்தினார். லோடு ஏற்றியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆணியை விட்டேன், குமிழை அமுக்கினேன், பார்த்தேன், நம்பரைச் சரிபார்த்தேன். ரெஜிஸ்டரில் சடசடவென்று நாலு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு மூடினேன். "பாத்தீங்களா, ரெண்டே நிமிஷம். இவ்ளோதான் வேலை" என்றார் மேனேஜர். வண்டி கிளம்பிப் போயிற்று.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சோறும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைத் துவையலும். முதல் வாய் எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் ‘டக்’ கேட்டதா? கேட்கவில்லை. இழுத்தேனா? இதுதான் புதிது. வழக்கமாக எனக்கு இழுத்தது மறந்து போகும். அன்றைக்கு இழுக்காதது நன்றாக நினைவிருந்தது.

டிரைவருக்கு போன் போட்டேன். அவர் வைத்திருந்த பாட்டை மூன்று முறை முழுசாகக் கேட்டேன், எடுக்கவில்லை. லேஸ் செக்ஷன் கண்ணுக்கு முன்னால் வந்தது. டப்பாவை மூடினேன், பெட்டியைப் பூட்டி இழுத்தேன், ஸ்கூட்டியை எடுத்தேன். கேட்டில் வாட்ச்மேன் நோட்டோடு வந்து நின்றார்.

"எங்க மேடம் போறீங்க?"

"இதோ, வெளிய போய்ட்டு வர்றேன்."

"அப்டி எழுத முடியாதுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குது."

"சந்தேகம்னு எழுதிக்கோங்க" என்றேன். அவர் நிதானமாக எழுத்துக்கூட்டி அப்படியே எழுதினார்.

திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் லாரி நின்றது. டிரைவர் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லாருக்கும் கடல் தொழில். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் லாரிக்கு வந்துவிட்டார். ஒரு கையில் டீ, ஒரு கையில் பஜ்ஜி.

"வழியில எங்கியும் நிறுத்தக் கூடாதுன்னு தெரியாதா?" என்றேன்.

"நான் எங்கக்கா நிறுத்தினேன்? வண்டி நின்னுகினு இருக்குது, நான் டீ குடிச்சிக்கினு இருக்கேன்."

அவரோடு வாதாட நேரமில்லை. பின்பக்கம் போனேன். சீல் பார்ப்பதற்கு அம்சமாக இருந்தது. நம்பர் சரி. பிடித்து இழுத்தேன். குமிழ் கையோடு வந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ பூட்டை இழுத்திருக்கிறேன், ஒன்றுகூட வந்ததில்லை. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். மறைத்து என்ன ஆகப் போகிறது. நடு ரோட்டில் அந்தக் குமிழைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சிரித்தேன். அப்புறம்தான் கப்பல் ஞாபகம் வந்தது.

"இன்னாக்கா, ஒடச்சிட்டீங்களா!" என்று டிரைவர் ஓடி வந்தார்.

"ஒடைக்கல. மாட்டவே இல்ல."

அவர் பஜ்ஜியை மென்றுகொண்டே யோசித்தார். "அப்ப இப்ப மாட்டுங்க. ஒரே அமுக்கு. நம்பர் அதேதான், சிப்பும் உசுரோட கீது. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் சொன்னது சரிதான். யாருக்கும் தெரியாது. அமுக்கினால் ‘டக்’, கப்பல் கிடைக்கும், என் நாற்காலி நிலைக்கும். திருப்பிக்கொண்டு போனால் லேஸ். நான் குமிழை ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக்கூடச் செய்தேன். ஆனால் கம்பெனியிலிருந்து இதுவரை கதவு வெறுமனே வந்திருக்கிறது. ஒரு பெட்டி குறைந்தாலும், பேப்பரில் இல்லாத பொருள் ஒன்று உள்ளே இருந்தாலும், வழியில் வண்டியோடு இருந்தவர் என்று முதலில் டிரைவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். நானும் நான்கு டிக் போட்ட நோட்டைக் காட்டிவிட்டு நல்லவளாக நிற்பேன். அந்தப் பூட்டு விவகாரத்தில் யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லாததால்தானே பன்னிரண்டு வருஷமாக நான் தெருமுனையில் நின்று தவிக்கிறேன். அதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

"வண்டியத் திருப்புங்க. எல்லாத்தையும் எறக்கி எண்ணணும்" என்றேன்.

"பேஜாரு புடிச்ச வேலைக்கா இது" என்றார். இருந்தாலும் திருப்பினார். திருப்புவதற்கு முன், கதவு ஆடாமல் இருக்க ஒரு கயிறு எடுத்து, அவர் வீட்டில் வலைக்குப் போடும் முடிச்சு ஒன்றைக் கொண்டியில் போட்டார். கம்பெனியில் அதை அவிழ்க்க நாலு பேர் சேர்ந்து பட்ட பாட்டைச் சுங்கத்துறை பார்த்திருந்தால் சிப்பையெல்லாம் கைவிட்டிருக்கும். நான் லாரிக்குப் பின்னாலேயே, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்கூட்டியில் வந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தி, "மேடம், உள்ள பாத்துப் போங்க. சாரோட சாப்பாட்டக் காணோம். கேன்டீன்ல ஒவ்வொருத்தரா கூப்ட்டு விசாரிச்சிக்கினு இருக்காரு. நாயக்கூட விசாரிச்சிட்டாரு" என்றார்.

பசித்த மேனேஜர் லாரியைப் பார்த்ததும் வெளியே வந்தார். "நெனச்சேன்! லேஸ் செக்ஷன்! நாளைலேருந்து லேஸ் செக்ஷன்!"

நான் கையை நீட்டினேன். ஒரு கையில் ஆணி, ஒரு கையில் குமிழ். "இழுத்தேன் சார், வந்துடுச்சு."

அவர் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெஜிஸ்டர்ல டிக் இருக்குதேம்மா?"

"இருக்குது சார். டிக் போட்டேன், இழுக்கல."

அவர் குமிழை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மெதுவாக, "அங்கியே அமுக்கி அனுப்பியிருக்கலாமே" என்றார். நான் லோடு ஆட்களைக் கூப்பிட்டேன்.

பெட்டிகளை இறக்கினோம். முதல் வரிசை சரி. இரண்டாவது வரிசையைக் கலைக்கும்போது முதலில் வாசனை வந்தது. லோடு ஏற்றும் ஆள் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அடுத்த பெட்டியை எடுத்ததும், உள்ளே ஓர் இடுக்கில், எண்ணுவதற்காக யாரோ கையிலிருந்து இறக்கி வைத்த இடத்தில், நீல ஒயர் கூடை பத்திரமாக உட்கார்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கன்டெய்னரின் கூரையைப் பார்த்தார்கள். டிரைவர்தான் தாங்க மாட்டாமல், "சார், இது மட்டும் கப்பல் ஏறியிருந்தா, அந்த ஊர்ல யாரும் எறக்கவே வேணாம். கன்டெய்னரே தானா எறங்கி ஓடியாந்திருக்கும்" என்றார்.

மற்றபடி ஒரு பெட்டி குறையவில்லை, கூடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். புது சீல் எடுத்து மாட்டினேன். ‘டக்’ கேட்டது. மூன்று முறை இழுத்து, திருகி, நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்து மறுபடி இழுத்தேன். மேனேஜர் கடிகாரம் கட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நம்பர் மாறியதற்காகச் சென்னையில் எங்கள் சுங்க ஏஜென்ட் போனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தார். வண்டி மறுநாள் காலை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அதற்கு முன் ரெஜிஸ்டர் எழுத வேண்டியிருந்தது. சீல் வைத்த கன்டெய்னரைத் திறந்தால் ஏன் திறந்தோம், உள்ளே என்ன இருந்தது என்று எழுத வேண்டும். மேனேஜர் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "சீல் ரிப்பேருன்னு எழுதிடுங்களேம்மா" என்றார். எனக்காகத்தான் சொன்னார். நான், ‘சீல் மாட்டியபின் இழுத்துப் பார்க்கவில்லை, திருகவும் இல்லை. இரண்டையும் செய்ததாக டிக் போட்டது என் தவறு’ என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில், ‘உள்ளே இருந்த பிற பொருள்: டிஃபன் கேரியர் ஒன்று, மூன்றடுக்கு, கருவாட்டுக் குழம்பு, சொந்தக்காரர் மேனேஜர்’ என்று எழுதினேன்.

"இதையும் எழுதணுமா?" என்றார்.

"கட்டம் இருக்குதே சார்."

அவர் இரண்டு தரம் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். லேஸ் செக்ஷன் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கருவாட்டுக் குழம்பு வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம், "தப்பு என்னுதுன்னு நீயே எழுதினியா?" என்றார்.

"ஆமா."

"வேல போயிருந்தா?"

"போயிருக்கும்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்டதும் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினோம். அவர்தான் பூட்டினார். நான் வழக்கம்போல் இழுக்கப் போனேன். "இரு" என்று சொல்லி, அவரே பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவர் ஒரு பூட்டை இழுத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நீ கொடை எடுத்துக்கினு வெளிய வந்தப்பறம்தான் நான் பூட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அமுக்கிட்டு வந்துட்டேன். இழுத்துப் பாக்கல."

"இது எப்பத்திலேருந்து தெரியும்?"

"தெருமுனையிலேயே தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. விக்கிரவாண்டியில் இறங்கி எதிர் பஸ்ஸுக்கு நின்ற வெயில் எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி லேசாகவும் இருந்தது. கைப்பையிலிருந்து போன வாரம் கோயிலில் கொடுத்த தாளை எடுத்து, பேனாவோடு அவரிடம் நீட்டினேன். "எழுதிக் குடுங்க" என்றேன்.

"ஏய், பூசைக்கு நேரமாவுது."

"எழுதுங்க."

பூட்டிய கதவின் மேல் தாளை வைத்து, ‘நான் இழுத்துப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா, கூப்பிடாமலே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பூட்டிவிட்டு இழுத்தும் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான்.